அம்மம்மாவுக்கு ஒரு கல்வெட்டு

அன்புள்ள ஐயா,

உங்கள் எழுத்துகளை ஆறேழு வருடமாக வாசித்து வருகிறேன். கடிதம் எழுதுவது இதுதான் முதல் தடவை. நான் தம்பிலுவிலைச் சேர்ந்தவள். எங்கள் அம்மம்மா காலமாகி இன்றைக்குப் பதினொரு நாள். வயது 94. முப்பத்தோராம் நாள் அமுதுக்கு, அதாவது நினைவு விருந்துக்கு, கல்வெட்டு என்கிற நினைவுப் புத்தகம் அடிக்க வேண்டும் என்று கொழும்பில் இருக்கும் சின்ன மாமா சொல்லிவிட்டார். குடும்பத்தில் வாசிக்கிற பழக்கம் உள்ளவள் நான் ஒருத்தி என்பதால் ‘வாழ்க்கைக் குறிப்பு’ என் தலையில் விழுந்தது.

மூன்று நாளாகக் கொப்பியை விரித்து வைத்துக்கொண்டு இருக்கிறேன். எழுத ஒன்றுமில்லை. அம்மம்மா ஐந்தாம் வகுப்பு வரைதான் படித்தவர். உத்தியோகம் பார்க்கவில்லை. ஏழு பிள்ளைகள் பெற்றார், ஒன்று கைக்குழந்தையிலேயே தவறிவிட்டது. 1983இல் அம்மப்பா போன பிறகு தனியாக நின்று எல்லாரையும் கரையேற்றினார். நாலு தடவை கதிர்காமத்துக்கு நடந்து போனார். 2004இல் கடல் வந்து வீட்டைக் கொண்டுபோனது. பிறகு கிடைத்த வீடு அப்பாவின் பெயரில் வந்தபோது, “என்ட மகள்ட வீட்டுக்கு மருமகன்ட பேரா?” என்று சொல்லி அலுவலகத்துக்கு மூன்று தடவை போய் அம்மாவின் பெயருக்கு மாற்றிய பிறகுதான் ஓய்ந்தார். அவ்வளவு பிடிவாதம். இதையெல்லாம் கல்வெட்டில் போட முடியுமா? மாமா ஒரு மாதிரி அனுப்பியிருக்கிறார். ‘தியாகத்தின் திருவுருவம், பொறுமையின் பூமாதேவி’ என்று தொடங்குகிறது. பேரை மட்டும் மாற்றி அப்படியே கொடுத்துவிடலாமா என்றும் தோன்றுகிறது.

இன்னொரு பிரச்சினை. மூத்த மாமா 1990இல் காணாமல் போனவர். அம்மம்மா கடைசிவரை அவருடைய படத்துக்கு மாலை போட விடவில்லை. ஒவ்வொரு வருடமும் அவர் பிறந்த நாளில் கோயிலில் அருச்சனை செய்வார், அவ்வளவுதான். இப்போது பிள்ளைகள் வரிசையில் அவர் பெயருக்கு முன்னால் ‘காலஞ்சென்ற’ என்று போடச் சொல்கிறார் சின்ன மாமா. அம்மா கூடாது என்கிறார். இரண்டு நாளாக இருவருக்கும் பேச்சு இல்லை. நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

இப்படிக்கு,
தம்பிலுவிலிலிருந்து ஒரு வாசகி

*

அன்புள்ள மகளுக்கு,

“94 வயதுதானே, இருந்து வாழ்ந்து போன மனிசி” என்று வந்தவர்கள் எல்லாரும் சொல்லியிருப்பார்கள். ஆறுதலுக்குச் சொல்வதுதான். ஆனால் உங்கள் வீட்டில் இருக்கும் யாருக்கும் அம்மம்மா இல்லாத ஒரு நாள் நினைவில் இருக்காது. இப்போதுதான் அப்படிப்பட்ட நாட்களைப் பார்க்கத் தொடங்கியிருக்கிறீர்கள். அதற்கு வயதுக் கணக்குச் சொல்லி என்ன பயன்.

எழுத ஒன்றுமில்லை என்று சொன்ன கையோடு பத்து வரியில் ஒரு முழு மனுஷியை எழுதியிருக்கிறீர்கள். அலுவலகத்துக்கு மூன்று தடவை போனதைக் கல்வெட்டில் போட முடியுமா என்று கேட்கிறீர்கள். அதைப் போடாவிட்டால் வேறு எதைப் போடுவது?

என் கதையைச் சொல்கிறேன். என் பெத்தா, அதாவது அம்மாவின் அம்மா, 1992இல் இறந்தபோது எனக்கு 24 வயது. கவிதை எழுதுகிறவன் என்று, வாவிக்கு மேற்கே எங்கள் படுவான்கரையில் நாலு பேருக்குத் தெரிந்திருந்த காலம். கல்வெட்டு என் பொறுப்பில் வந்தது. திதி வெண்பா, வம்ச வரலாறு, மக்கள் புலம்பல், மருமக்கள் புலம்பல், பேரர் புலம்பல் என்று ஒன்றையும் விடவில்லை. வெண்பாவில் எங்கும் தளை தட்டவில்லை. ‘பொறுமையின் பூமாதேவி’ என்று நானும்தான் போட்டேன். அந்தத் தொடரை முதலில் எழுதிய புண்ணியவான் யாரோ, முப்பது வருடத்துக்கு மேலாக அச்சகம் அச்சகமாகச் சுற்றிக்கொண்டிருக்கிறது. அமுதன்று என் சின்னம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முதலிலிருந்து கடைசிவரை வாசித்தார். வாசித்துவிட்டுக் கேட்டார்: “இது ஆர மனே? எங்கட அம்மாவப் பத்தி ஒண்டும் எழுதல்லியா?”

பெத்தாவுக்குப் பொறுமை என்பது மருந்துக்கும் கிடையாது. மண்முனைத் துறைக்குப் பாலம் வந்தது 2014இல்தான். அதுவரை வாவியைக் கடக்க, ‘பாதை’ என்று நாங்கள் சொல்கிற படகுதான். பாதை அக்கரையில் நின்றால் பெத்தா இக்கரையில் நின்று சத்தம் போடுவார். பாதைக்காரர் ஆட்கள் சேரும்வரை காத்திருக்க நினைத்தாலும் அந்தச் சத்தத்துக்காகவே தள்ளிக்கொண்டு வந்துவிடுவார் என்று ஊரில் சிரிப்பார்கள்.

1978 நவம்பர் 23, சூறாவளி இரவு. எனக்குப் பத்து வயது. காற்று அடித்து அடித்து ஒரு நேரத்தில் சட்டென்று நின்றது. பெரியவர்கள் எல்லாம் “விட்டுட்டு, விட்டுட்டு” என்று விளக்கைத் தேடினார்கள். யாரோ தேத்தண்ணிக்கு அடுப்பு மூட்டலாமா என்றுகூடக் கேட்டதாக ஞாபகம். பெத்தா ஒருவர் பேச்சையும் கேட்கவில்லை. பேரப்பிள்ளைகள் எட்டுப் பேரையும் கையில் அகப்பட்ட இடத்தில் பிடித்து இழுத்துக்கொண்டு பக்கத்து வளவிலிருந்த கல் வீட்டுக்கு ஓடினார். போகிற வழியில் பசுவை அவிழ்த்துவிட்டார். நாங்கள் உள்ளே போய்க் கொஞ்ச நேரத்தில் எதிர்ப்பக்கத்திலிருந்து காற்று வந்தது. விடியும்போது எங்கள் வீட்டின் முகடு நிலத்தில் கிடந்தது. வளவில் ஒரு தென்னைகூட நிற்கவில்லை. புயலின் கண் கடக்கும்போது அப்படி ஓர் அமைதி வரும் என்பதை நான் பிறகு புவியியல் புத்தகத்தில் படித்தேன். பெத்தா எங்கும் படிக்கவில்லை. சும்மா இருந்து பார்ப்போம் என்று காத்திருக்க அவருக்குத் தெரியாது, அவ்வளவுதான்.

நான் எழுதிய கல்வெட்டில் இதில் ஒரு வரி இல்லை. சின்னம்மா கேட்டது சரிதானே.

சரி, உங்கள் அம்மம்மாவின் அந்த மூன்று நடைக்கு வருகிறேன். இதை வாசிக்கும் மற்ற ஊர்க்காரர்களுக்காகக் கொஞ்சம் விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கிறது. மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் (1961 வரை இரண்டும் ஒரே மாவட்டம்தான்) குடி, அதாவது குலப்பிரிவு, தாய்வழியில் வருவது. தமிழர்களுக்கு மட்டுமில்லை, இங்குள்ள முஸ்லிம்களுக்கும் அப்படித்தான். கலியாணம் முடித்த மாப்பிள்ளை பெண்ணின் வீட்டுக்கு வருவார். தாய் தகப்பன் இருந்த வீடு மூத்த மகளுக்குச் சீதனமாகப் போகும். அவர்கள் அதே வளவின் மற்ற மூலையில் இன்னொன்றைக் கட்டிக்கொண்டு போவார்கள். அடுத்த மகளுக்கு அது. இங்கு வழங்கிய பழைய முக்குவர் சட்டத்தில் முதுசச் சொத்து (பரம்பரைச் சொத்து) ஓர் ஆணின் பிள்ளைகளுக்குப் போகாமல் அவனுடைய சகோதரியின் பிள்ளைகளுக்குப் போனது. 1876ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் கட்டளைச்சட்டம் வந்து அந்த வழியை அடைத்தது. ஆனாலும் சனங்கள் விடவில்லை. சீதன உறுதி (பத்திரம்) எழுதி, வீட்டையும் வளவையும் பெண்வழியிலேயே இறக்கிக்கொண்டு வந்தார்கள்.

வெள்ளைக்காரன் சட்டத்துக்கே வளையாத ஒன்று, சுனாமிக்குப் பிறகு வந்த படிவத்துக்கு வளைந்தது. ‘குடும்பத் தலைவர்’ என்று அதில் ஒரு கட்டம். அந்தக் கட்டத்தில் ஆணின் பெயர். கிழக்கில் கடலிலிருந்து 200 மீற்றருக்குள் கட்டக்கூடாது என்று முதலில் சொன்னார்கள், பிறகு தளர்த்தினார்கள். அதற்கிடையில் தாய்வழியில் வந்த கரையோர வளவை விட்டுவிட்டு எத்தனையோ பெண்கள் வேறிடத்தில் கிடைத்த வீட்டுக்குப் போனார்கள். போன இடத்தில் பத்திரம் புருஷன் பெயரில். பெண்கள் அமைப்புகள் அப்போதே இதை எடுத்துப் பேசின. ஆய்வாளர்களும் எழுதினார்கள். உங்கள் அம்மம்மா இந்த அறிக்கைகள் ஒன்றையும் கண்டிருக்க மாட்டார். எழுபது வயது தாண்டிய ஒரு மனுஷி, தன் தாய் தனக்குத் தந்தது போல் தன் மகளுக்குத் தான் தர வேண்டிய வீடு வேறு பெயரில் கிடப்பதைப் பார்த்துவிட்டு, செருப்பைப் போட்டுக்கொண்டு புறப்பட்டிருக்கிறார். அதுவும் உங்கள் அப்பா நல்ல மனிதராக இருந்திருந்தால் இன்னும் சங்கடமான நடை அது. மருமகன் மேல் சந்தேகம் என்று நாலு பேர் பேசியிருப்பார்கள். அதையும் தாங்கித்தான் போயிருப்பார்.

நான் என்றால் அதற்கு முழுதாக ஒரு பக்கம் ஒதுக்குவேன். எந்த மாதம் போனார், யாரைத் துணைக்குக் கூட்டிப்போனார், கையில் எதைக் கொண்டுபோனார், முதல் தடவை என்ன சொல்லித் திருப்பி அனுப்பினார்கள், மூன்றாம் தடவை திரும்பி வந்து முதலில் என்ன செய்தார். அப்பாவிடமும் கேளுங்கள். அவர் இதை எப்படி எடுத்துக்கொண்டார் என்பது எனக்கும் தெரிய ஆசை.

அப்புறம், வீட்டில் இருக்கும் உறுதிகளைத் தேடி எடுங்கள். சிரிக்காதீர்கள், உண்மையாகத்தான் சொல்கிறேன். பெத்தா இறந்து பல வருடம் கழித்து அவருடைய பெட்டகத்தில் இருந்த உறுதிகளை நான் வாசித்தேன். மூன்று பெண் பிள்ளைகளுக்கு மூன்று சீதன உறுதி. முதல் இரண்டிலும் எல்லாவற்றையும் கொடுத்துவிட்டுக் கையை உதறியிருக்கிறார். மூன்றாவதில் ‘சீவிய உரித்து’ வைத்து எழுதச் சொல்லியிருக்கிறார். தான் உயிரோடு இருக்கும்வரை அந்த வீட்டில் இருக்கவும் அனுபவிக்கவும் தனக்கு உரிமை உண்டு என்று பொருள். இரண்டாவது உறுதிக்கும் மூன்றாவதுக்கும் இடையில் என்ன நடந்தது என்று அம்மாவைக் கேட்டேன். குசினியைத் தனியாக்குவதில் மூத்த மருமகனோடு வந்த ஒரு சண்டையைச் சொன்னார். நாற்பது வருடத்துக்கு முந்திய சண்டை, அதைச் சொல்லும்போது அம்மாவின் குரல் இறங்கிவிட்டது. கைநாட்டு வைக்கிற மனுஷி, உறுதி எழுதும் நொத்தாரிசு முன்னால் உட்கார்ந்து, அந்த ஒரு சொல்லைப் போடாமல் விரலை மையில் வைக்க மாட்டேன் என்று நின்றிருக்கிறார். ‘தியாகத்தின் திருவுருவம்’ என்று எழுதினால் இந்தப் பெத்தா எங்கே போவார்? பிள்ளைகளுக்காகத் தேய்ந்தவர்தான், நான் மறுக்கவில்லை. பிள்ளைப் பெற்ற ஒவ்வொரு மகளுக்கும் விடியப் புறத்தில் எழும்பி மருந்துச் சரக்கு அரைத்துக் கொடுத்த கை அது. ஆனால் எதைக் கொடுப்பது, எதைத் தன்னிடம் வைத்துக்கொள்வது என்று ஒவ்வொரு தடவையும் யோசித்துத்தான் கொடுத்தார். அந்த யோசனையைத்தான் நம் கல்வெட்டுகள் விழுங்கிவிடுகின்றன.

அதற்காக, எங்கள் பக்கத்தில் பெண்கள் எல்லாரும் ராணிகளாக இருந்தார்கள் என்றும் எழுதிவிடாதீர்கள். வெளியிலிருந்து வருகிறவர்கள் சிலர் அப்படி மயங்குவதுண்டு. வீடு அவள் பெயரில் இருக்கும், வட்டையும் (வயலும்) வரவுசெலவும் அவர் கையில் இருக்கும். கோயிலை நிர்வகிக்கும் வண்ணக்கர் பதவி தாய்க் குடியால் வருவது, வந்து உட்காருவது ஆண். சீதன வீடு கட்ட வழியில்லாமல் கலியாணம் தள்ளிப்போன அக்காமாரையும், தங்கச்சிமாருக்குக் கூரை போட்டு முடித்துத் தலை நரைத்த அண்ணன்மாரையும், மகளுக்குக் கல் வீடு என்று மத்திய கிழக்கில் வீட்டு வேலைக்குப் போன தாய்மாரையும் ஒவ்வொரு தெருவிலும் காட்டலாம். “கரையேற்றினார்” என்று ஒரு சொல்லில் முடித்திருக்கிறீர்களே, அதற்குள் எவ்வளவு இருக்கிறது. 1983இல் புருஷன் போன பிறகு பிள்ளைகளுக்கு என்ன கொடுத்தார், எப்படிக் கொடுத்தார்? எந்த வயலை விற்றார்? எந்தக் காப்பு அடகுக்குப் போய்த் திரும்பி வரவில்லை? உங்கள் பெரியம்மா, சின்னம்மாமார் இருந்தால் தனித்தனியாகக் கேளுங்கள். ஒன்றாக வைத்துக் கேட்டால் கணக்குச் சண்டை வரும்.

கதிர்காம நடைக்கு நாலு வரி போதும். உகந்தை, குமண, யால என்று காட்டுவழியை விவரிக்கப் போய்விடாதீர்கள். அந்த வழி எல்லாருக்கும் தெரியும். அவர் அந்த நாட்களில் காட்டுக்குள் இருக்கும்போது பின்னால் பிள்ளைகளுக்கு யார் சோறு காய்ச்சினார்கள் என்று எழுதினால் அது புதிது.

மாமா அனுப்பிய மாதிரியில் இன்னொன்றும் இருக்கும் என்று நினைக்கிறேன், ஏனென்றால் எல்லாவற்றிலும் இருக்கிறது: “இன்னாரின் அன்பு மகளும், இன்னாரின் அன்பு மனைவியும், இன்னாரின் பாசமிகு தாயாரும்…” மரண அறிவித்தலுக்கு அது வேண்டும், இல்லாவிட்டால் எந்த வீட்டுச் சாவு என்று ஊருக்குத் தெரியாது. வம்ச வரலாற்றையும் அதே பாணியில் தகப்பன், தகப்பனின் தகப்பன் என்று எழுதிக்கொண்டு போவதுதான் வேடிக்கை. சின்ன மாமா அம்மம்மாவின் குடி. அவருடைய பிள்ளைகள் அந்தக் குடி இல்லை, அவர்கள் தங்கள் தாயின் குடி. அம்மம்மாவின் குடி உங்கள் அம்மாவிடம் வந்து, உங்களிடம் வந்து, உங்களுக்குப் பெண் பிள்ளை இருந்தால் அவளிடம் போகிறது. கோயில் சடங்கில் உங்கள் குடிக்கு எந்த நாள் என்று அந்த வழியால்தான் கேட்பார்கள். வம்ச வரலாற்றை அம்மம்மாவின் தாயிலிருந்து தொடங்கி அந்தத் தாயின் தாய்க்குப் போங்கள். இரண்டு தலைமுறைக்கு மேல் பெயர் கிடைக்காமல் போகலாம். கிடைத்தவரை போடுங்கள்.

இனி மூத்த மாமா.

உங்கள் அம்மாவின் பக்கம்தான் நான். காரணம் உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. அருச்சனை உயிரோடு இருப்பவருக்குச் செய்வது. ஒவ்வொரு வருடமும் மகனின் பெயரையும் நட்சத்திரத்தையும் ஐயரிடம் சொல்லி அருச்சனை செய்த தாய், அத்தனை வருடமும் ஒரு முடிவில் நின்றிருக்கிறார். அவர் மனதில் உண்மையில் என்ன இருந்தது, ஒரு கட்டத்தில் நம்பிக்கை போய்விட்டதா, நமக்குத் தெரியாது, கேட்கவும் கூடாது. வெளியில் அவர் எடுத்த நிலை அதுதான். அவருடைய பெயரில் அச்சடிக்கிற புத்தகத்தில், அவர் கண்மூடிய ஒரு மாதத்துக்குள், அவர் வாயால் சொல்லாத சொல்லை அவருடைய மூத்த பிள்ளையின் பெயருக்கு முன்னால் போடுவது அவரைத் திருத்துவது மாதிரி இருக்கிறது.

சின்ன மாமாவைக் கல் நெஞ்சன் என்று நினைக்காதீர்கள். அண்ணன் போன பிறகு அந்த வீட்டில் அண்ணனாக இருந்தவர் அவர்தானே. ஒரு முடிவு எழுத வேண்டும் என்ற களைப்பு அவருக்கு இருக்கும். காணி பிரிக்க, வங்கிக் கணக்கைப் பார்க்க, எதற்கெடுத்தாலும் மரணச் சான்றிதழ் கேட்கப்பட்டு, மனமில்லாமல் அதை எடுத்த குடும்பங்கள் எங்கள் பக்கத்தில் நிறைய. கையெழுத்து வைத்த அன்று சமைக்காத வீடுகளை எனக்குத் தெரியும். 2016இல்தான் சட்டத்தைத் திருத்தி, மரணச் சான்றிதழுக்குப் பதிலாக, ஆள் காணாமற்போனவர் என்று மட்டும் உறுதிப்படுத்தும் ஒரு சான்றிதழைப் பெற வழி விட்டார்கள். அரசாங்கமே அந்தச் சொல்லை வற்புறுத்தாமல் விட்ட பிறகு, அமுதுக்குப் பகிர்கிற ஒரு கல்வெட்டு எதற்கு அவசரப்பட வேண்டும்?

பிறந்த வரிசையில் பெயர்களைப் போடுங்கள். மூத்த மாமாவின் பெயர் அவருடைய இடத்தில், முன்னால் ஒன்றும் இல்லாமல் இருக்கட்டும். வாசிக்கிறவர்களுக்குத் தெரியும், தெரியாதவர்கள் கேட்பார்கள். கைக்குழந்தையில் தவறிய பிள்ளையையும் விட்டுவிடாதீர்கள். பெயர் வைத்திருந்தார்களா என்று கேளுங்கள். ‘காலஞ்சென்ற’ அந்தப் பெயருக்கு முன்னால் வரட்டும். ஏழு பெற்றவருக்கு ஆறு பெயர் போடுகிற வழக்கத்தை நான் எத்தனையோ கல்வெட்டில் பார்த்திருக்கிறேன்.

மாமாவோடு வாதாடப் போகாதீர்கள். அண்ணனைப் பற்றி ஒரு பக்கம் எழுதித் தரச் சொல்லிக் கேளுங்கள். இரண்டு பேரும் அம்மம்மாவிடம் அடி வாங்கிய கதையாக இருந்தாலும் சரி. முதலில் மறுப்பார். ஒரு கிழமை விட்டுத் திரும்பவும் கேளுங்கள். அதற்குள் அம்மாவும் பேசத் தொடங்கிவிடுவார் என்று நினைக்கிறேன், அமுதுக்குச் சாமான் பட்டியல் போட வேண்டுமே.

எழுதி முடித்ததும் அச்சகத்துக்குக் கொடுப்பதற்கு முன்னால் அம்மாவுக்கும் பெரியம்மாமாருக்கும் வாய்விட்டு வாசித்துக் காட்டுங்கள். “அப்படியில்ல மகள்” என்று யாராவது குறுக்கே வருவார்கள். வந்தால் பேனையை எடுத்துக்கொண்டு உட்காருங்கள். நான் 1992இல் செய்யாமல் விட்டது இதைத்தான்.

திதி வெண்பாவைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். அம்மம்மா இறந்த மாதம், பட்சம், திதி மூன்றையும் பஞ்சாங்கம் பார்த்து எழுதி அனுப்புங்கள். நான் எழுதித் தருகிறேன். அது ஒன்றுதான் அன்றைக்கும் எனக்குப் பிழையில்லாமல் வந்தது.

அன்புடன்,
மட்டக்களப்பிலிருந்து